கட் பேஸ்ட் வேணாம் பாஸ்!

மயிலாப்பூர்ல இருந்து அடையாருக்கு வீடு மாத்தியிருக்கீங்களா? சாமானை லாரியில ஏத்தி இறக்குறது ஒருநாள் வேலை. கேஸ்காரர், பேப்பர்காரர், போஸ்ட்மேன்னு எல்லாரும் புது வீட்டைக் கண்டுபிடிக்கற வரைக்கும் படுற பாடுதான் பெரிசு! கம்பெனிகள் டேட்டாவை இடம் மாத்துறதும் இதே கதைதான்.

‘நாஸ்’னு ஒரு ஸ்டோரேஜ் இருக்கு. லெண்டிங் லைப்ரரி மாதிரி. ஃபைல் பேரைச் சொன்னா போதும், தேடி எடுத்துக் கொடுத்துடும். எதை யார் தொடலாம்ங்கற கணக்கும் அதுகிட்டயே இருக்கும். ‘ஸான்’ வேற டைப். வெறும் நம்பர் போட்ட லாக்கர்கள். எந்த லாக்கர்ல என்ன இருக்குன்னு சர்வர்தான் ஞாபகம் வெச்சுக்கணும். அதனால, நாஸ்ல இருந்து ஸானுக்குப் போனா புத்தகம் வந்துடும், லைப்ரரியன் வரமாட்டார். அவர் வேலையை புது சர்வருக்குச் சொல்லிக் கொடுக்கணும்.

சொல்லிக் கொடுத்தா மட்டும் போதுமா? டெஸ்ட் பண்ணணும். 2018 ஏப்ரல்ல பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி, சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களோட டேட்டாவை ஒரு வார இறுதியில புது சிஸ்டத்துக்கு மாத்துச்சு. டேட்டா பத்திரமாப் போய்ச் சேர்ந்துடுச்சு. ஆனா புது சிஸ்டம் திணறினதுல 19 லட்சம் பேர் வரைக்கும் தங்களோட அக்கவுன்ட்டுக்குள்ளயே நுழைய முடியலை. எல்லாம் சரியாக டிசம்பர் ஆச்சு. 2022-ல விதிச்ச அபராதம், 4.86 கோடி பவுண்டுக்கு மேல!

நம்ம ராயப்பேட்டை இந்தியன் வங்கியும் இந்தப் பரீட்சையை எழுதியிருக்கு. அலகாபாத் வங்கி அதோட இணைஞ்சது 2020 ஏப்ரல் 1-ல. ஆனா, ரெண்டு கம்ப்யூட்டர் சிஸ்டமும் ஒண்ணானது 2021 பிப்ரவரியிலதான். சேவை நிறுத்தம்னு முன்கூட்டியே அறிவிச்சுட்டு, ரெண்டாவது சனி, ஞாயிறு லீவுல முடிச்சாங்க. அந்த ஞாயிறு காதலர் தினம்! நாம பீச்ல இருந்தப்போ யாரோ சர்வர் ரூம்ல கண்விழிச்சிருக்காங்க.

சரி, நமக்கு என்ன? போன செமஸ்டர்ல என் பிராஜெக்ட்டை பென் டிரைவுக்கு ‘கட் பேஸ்ட்’ பண்ணேன். பாதியில பென் டிரைவ் மண்டையைப் போட்டுடுச்சு. மூணு வாரக் கோடிங் காலி!

அதனால, காப்பி பண்ணுங்க. ரிவ்யூ நடக்கற லேப் மெஷின்லயே திறந்து, ரன் பண்ணிப் பாருங்க. அப்புறமா பழசை டெலீட் பண்ணலாம். புது வீட்டுல பால் பொங்கறதுக்கு முன்னாடி பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்காதீங்க!