உண்மையில் பெரியவர் யார்?



நம் பாஷையில் 'பெரிய' என்கிற வார்த்தை படுகிற பாடு இருக்கிறதே, சொல்லி மாளாது! பணம் இருந்தால் 'பெரிய இடம்'. நாலு பேர் எழுந்து நின்றால் 'பெரிய மனுஷர்'. பெண் குழந்தை வயசுக்கு வந்தால் 'பெரிய மனுஷி'. கல்யாண வீட்டில் முதல் வரிசையில் உட்கார வைத்துச் சந்தனம் நீட்டுகிறோமே, அவர்களும் பெரியவர்கள்தான். இத்தனை பெரியவர்களுக்கு நடுவே, "நிஜமாவே பெரியவர் யாரும்மா?" என்று குழந்தை கேட்டால் மட்டும் நமக்குச் சட்டென்று பதில் வருவதில்லை.

எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்திக்கு, 'நம்மிடையே வாழும் மாமனிதர் ஒருவர்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். காந்தி, பாரதி, காமராஜர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம். உயிரோடு இருப்பவர் என்றதும்தான் வந்தது சங்கடம். அவளுடைய அம்மா எங்களிடம் யோசனை கேட்க, மத்தியானம் கூடியிருந்த ஐந்தாறு பேரும் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்துவிட்டோம்.

"இதுல என்ன சந்தேகம்? நம்ம விஸ்வநாதன் ஆனந்த்தான். உலகத்திலேயே முதல்னு பேர் வாங்கியாச்சு. அதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள் ஒருத்தி.

"ஜெயிக்கிறது கெட்டிக்காரத்தனம். அது பெரிய மனசு ஆகிடுமா? வீட்டுல, அக்கம்பக்கத்துல எப்படி நடந்துக்கறாங்கன்னு பார்க்கணும்" என்றார் எதிர் வீட்டு டீச்சரம்மா.

மாடி வீட்டு மாமி ஒரே போடாகப் போட்டார்: "இருக்கிறவா யாரையும் பெரியவான்னு சொல்லப்படாது. நாளைக்கு என்ன பண்ணுவாளோ, யார் கண்டா? முழுசா வாழ்ந்து முடிக்கட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் ஒவ்வொன்றிலும் ஏதோ குறைகிற மாதிரி எனக்குப் பட்டது.

ஜெயிப்பதை எடுத்துக்கொள்வோம். ஆனந்த் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2000-லும், பிறகு 2007 முதல் 2013 வரையிலும் உலக சாம்பியனாக இருந்தார். பெரிய சாதனைதான். ஆனால் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது அவர் தோற்றபோதுதான். 2013 நவம்பரில், தாம் வளர்ந்த சென்னையிலேயே, சொந்த ஜனங்களின் கண் முன்னால், தம்மைவிட வயதில் மிகச் சிறியவரான மாக்னஸ் கார்ல்சனிடம் பட்டத்தைப் பறிகொடுத்தார். வேறு ஒருவராக இருந்தால் முக்காடு போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார். அவரோ நாலே மாதத்தில், அடுத்து சாம்பியனோடு மோதப் போவது யார் என்று முடிவு செய்யும் போட்டியில் விளையாடி முதலாவதாக வந்தார். மறுபடியும் கார்ல்சனோடு மோதி, மறுபடியும் தோற்றார். அப்போதும் பலகையை மூடிவிடவில்லை. 2017-ல், 48 வயதில், உலக அதிவேகச் சதுரங்கப் பட்டத்தை வென்றார்.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. 2013-ல் சென்னையில் அந்தப் போட்டி நடந்தபோது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்வையாளர்களோடு ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன்தான் குகேஷ். ஆனந்த் 2020-ல் இளம் ஆட்டக்காரர்களுக்காகத் தொடங்கிய பயிற்சிக் கழகத்தில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் பழகினார்கள். 2024 டிசம்பரில், 18 வயதில், குகேஷ் உலக சாம்பியன் ஆகிவிட்டார். ஒரே ஒரு கிராண்ட்மாஸ்டர் இருந்த நாட்டில் இன்று எண்பதுக்கும் மேலே!

சில மரங்கள் பெரிதாக வளரும், தன் நிழலில் வேறு எதையும் வளரவிடாது. வாழை அப்படி இல்லை. தார் போட்டுச் சாய்வதற்குள் பக்கத்தில் கன்றை எழுப்பிவிடும். கொல்லையில் வாழை வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பி.டி. உஷாவும் அந்த வாழை ஜாதிதான். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் வெண்கலப் பதக்கத்தைத் தவறவிட்டவர் அவர். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை! அந்த வருத்தத்தையே நினைத்து நினைத்து உட்கார்ந்துவிடாமல், கேரளத்தில் பெண் குழந்தைகளுக்காக ஓட்டப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கே பயிற்சி பெற்ற டிண்டு லூகா ஒலிம்பிக் வரைக்கும் போய் ஓடினார். தனக்குக் கை நழுவியதை அடுத்த வீட்டுப் பெண்ணாவது பிடிக்கட்டும் என்று நினைப்பதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

டீச்சரம்மா சொன்ன குணத்துக்கு வருகிறேன். மேடையில் தெரிகிற மனிதரின் வீட்டு அடுக்களை நமக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுவதும் சரியில்லை. அதனால், அவர் செய்த நல்ல காரியத்தைக் கொண்டாடுவோம். ஆளையே சாமியாக்கிக் கும்பிட வேண்டாம். கொண்டாடுவது வேறு, கும்பிடுவது வேறு. வீட்டில் அரை லிட்டர் பாலுக்கு அம்மா கணக்குப் பார்க்கிறாள். பிள்ளை அங்கே நடிகரின் கட்-அவுட்டுக்குக் குடம் குடமாய்ப் பால் ஊற்றுகிறான். இந்தக் கும்பிடுதான் ஆபத்து. காரியத்தை மட்டும் கொண்டாடப் பழகிய பிள்ளை, நாளைக்கு அதே மனிதர் தப்புச் செய்தால் "இது தப்பு" என்று தயங்காமல் சொல்லும். மாமியின் பயத்துக்கும் இதுவே பதில்.

ஆனால் "வாழ்ந்து முடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம்" என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மதுரைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூலி வேலை செய்தவர் சின்னப்பிள்ளை அம்மாள். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. வட்டிக்கு வாங்கிக் கட்டமுடியாமல் தவித்த பெண்களை ஒன்று சேர்த்தார். ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டு, அதிலிருந்து தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ளும் 'களஞ்சியம்' குழுக்களை முன்னின்று நடத்தினார். அரிசிப் பானையில் நாம் ஒளித்து வைக்கிற சிறுவாட்டுக் காசு மாதிரிதான். ஆனால் ஊரே சேர்ந்து போட்ட சிறுவாடு! பிரசவச் செலவுக்கும், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் வட்டிக்காரர் வாசலில் நிற்காமல் காப்பாற்றியது. அந்த இயக்கம் பிற மாநிலங்களுக்கும் பரவி, லட்சக்கணக்கான பெண்கள் அதில் சேர்ந்தார்கள். 2001-ல் டில்லியில் அவருக்கு ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது, அப்போதைய பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது.

எல்லோரும் கை தட்டினோம். படம் போட்டோம். ஆனால் 2024-ல் வந்த செய்தி என்ன தெரியுமா? தமக்கு வீடு கிடைக்கவில்லை என்று அந்த அம்மாளே சொல்லும்படி ஆயிற்று. அதற்குப் பிறகுதான் தமிழக அரசு வீடு கட்டித் தர உத்தரவிட்டது. பிரதமர் கால் தொட்ட படம் வந்து 23 வருஷம் கழித்து!

வாழ்கிறபோதே ஒருவரைப் பெரியவர் என்று சொல்வது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, அது நமக்கும் ஒரு கடமையைக் கொடுக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான். செத்த பிறகு மாலை போடுவது சுலபம். இருக்கிறபோது, "சாப்பிட்டாச்சா? கூரை ஒழுகுகிறதா?" என்று கேட்பதுதான் கஷ்டம்.

ஆகவே குழந்தைகள் கேட்டால் மூன்று கேள்விகளை அவர்களிடமே திருப்பிக் கேளுங்கள். தோற்ற பிறகு அவர் என்ன செய்தார்? அவரால் வேறு யார் முன்னுக்கு வந்தார்கள்? கை தட்டல் ஓய்ந்த பிறகும் அந்த வேலையைச் செய்கிறாரா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால், அவர் பத்திரிகையில் வந்தாலும் வராவிட்டாலும் பெரியவர்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆனந்துக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அம்மா சுசீலா. அவர்கள் மணிலாவில் இருந்தபோது, பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும் மத்தியான நேரத்தில் டி.வி.யில் சதுரங்கப் புதிர் வரும். அம்மா அதைக் காகிதத்தில் எழுதி வைத்திருப்பார். சாயங்காலம் இருவருமாக உட்கார்ந்து விடை கண்டுபிடிப்பார்கள். அந்தக் காகிதத்துக்கு யாரும் விருது கொடுக்கவில்லை. "நாம வீட்டுல இருந்துண்டு என்னத்தைச் சாதிச்சோம்?" என்று அலுத்துக்கொள்ளும் இளம் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊரில், இன்றைக்கும் நம்மோடு வாழ்ந்துகொண்டிருக்கும் பெரியவர் யார்? எழுதுங்களேன். எழுதுவதற்கு முன்னால் ஒரு நடை போய் அவரைப் பார்த்துவிட்டும் வாருங்கள்.