மணலைப் பாலை என்பதா?

நண்பர்கள் நால்வர், நால்வரும் ஆசிரியத் தொழிலினர். வார இறுதி விடுமுறையில் பாலைவனம் ஒன்றைக் கண்டு வருவது எனத் துணிந்தோம். இராசத்தானத்திற்கு அன்று, தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டிற்கு. வெள்ளி மாலை நெம்மேலியில் நண்பர் ஒருவரது இல்லத்தில் கூடினோம். செல்வது பாலைக்கு அன்றோ! எனவே அவ்வூர்க் கடையில் இருபது லிட்டர் குடிநீர்க் கேன் ஒன்றை விலைக்கு வாங்கி, வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். அக்கேன் எங்களுக்குப் புகட்டிய பாடமே இக்கட்டுரை.

சனிக்கிழமை காலை, திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்திற்கும் இடைப்பட்ட குதிரைமொழித் தேரியில் இறங்கினோம். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை செம்மணல். மணல் துகள்களின்மேல் படிந்த இரும்பு ஆக்சைடே அந்நிறத்திற்குக் காரணம் என்பர் நிலவியலார். வேனை மணல்மேட்டில் ஏற்றிப் பார்க்க இளைய நண்பர் விழைந்தார். பத்தடி செல்வதற்குள் சக்கரங்கள் புதைந்தன. அவ்வழியே வந்த பனைத் தொழிலாளி ஒருவர், மட்டைகளைச் சக்கரத்தின்கீழ் இட்டு எங்களை மீட்டார். "பாலைவனம் பார்க்க வந்தோம், அண்ணாச்சி" என்றோம். அவர் சிரித்தார்; அருகிலிருந்த கிணற்றடிக்கு அழைத்துச் சென்று நீர் இறைத்துத் தந்தார். "பாலைவனத்துல இப்படித் தண்ணி கெடைக்குமா, சார்? குடிச்சுட்டுச் சொல்லுங்க" என்றார். உவர்ப்பின் சாயலே இல்லாத தண்ணீர்! விலைக்கு வாங்கிய கேனோ வேனில் திறவாமலே கிடந்தது.

அப்பெரியவரின் கூற்றுக்கு அத்தேரியே சான்று பகர்கிறது. மேலப்புதுக்குடியில் தேரியின் நடுவே அமைந்த கோயிலின் பெயர் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். சுனையைக் காப்பதே அங்குத் தெய்வத்தின் பெயராயிற்று. சாயர்புரம் முதலிய தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைச் சாய்னர், ஆல்ச்சின் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டனர். உலோகம் அறியாத காலத்திலேயே மக்கள் நடமாடிய மண் அது. அதனை வெறுமை என்பது நம் அறியாமை அன்றி வேறென்ன?

மணல் மழையை ஓடவிடாது. உறிஞ்சி உள்ளே இறக்கிக்கொள்ளும். நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆகவே கரையோர மணலுக்கடியில் உவர்நீரின் மேல் அது மிதந்து நிற்கும். கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை அது உவர்நீரைத் தடுத்து நிறுத்தும் என்பது அறிவியலார் கண்ட கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி இழப்பு என்பதும் அதே கணக்கே. இந்நுட்பத்தை நம் முன்னோர் ஏட்டில் கற்றாரில்லை. ஆயினும், கற்கக் கற்கப் பெருகும் அறிவுக்கு வள்ளுவர் தேர்ந்த உவமை மணற்கேணி அன்றோ?

ஞாயிறு இரவு நெம்மேலிக்கு மீண்டோம். நண்பரின் தாயார் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க? நான் கல்யாணமாகி வந்த புதுசுல, இந்த மணல்ல முழங்கை ஆழம் நோண்டினா ஊத்து வரும், தம்பி" என்றார். இன்று அவர் வீட்டுக் கிணறு உவர்ப்பு. குடிப்பது கேன் தண்ணீர். மணல்மேடு இருந்த இடத்தில் சுற்றுச்சுவரும் விடுதியும் நீச்சல் குளமும் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆழ்துளைக் கிணறு.

இதே நெம்மேலியில்தான் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-இலும், பதினைந்து கோடி லிட்டருக்கான மற்றொன்று 2024-இலும் தொடங்கப்பெற்றன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னை தவித்ததை நாம் மறக்கவில்லை. ஆதலின் அந்நிலையங்களை வேண்டாமென்று சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் கடல்நீரில் ஆயிரம் லிட்டரை இவ்வாறு நன்னீராக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். எஞ்சும் உவர்க்கரைசலைக் கடலிலேயே விட வேண்டும். மின்சாரமும் கூலியும் கேளாமல் மழைநீரைச் சேர்த்துவைத்த மணலை வெட்டிச் சமன்செய்துவிட்டு, அதன் பக்கத்திலேயே பெரும்பொருள் செலவிட்டுக் கடல்நீரை நன்னீராக்குவது எவ்வகை அறிவுடைமை?

விடுதிகளால் வேலை கிடைக்கிறதே எனச் சிலர் வினவலாம். கிடைக்கட்டும், மணல்மேட்டை விட்டு விலகியும் விடுதி கட்டலாம். மேட்டை மீண்டும் கட்டல் எளிதன்று. அடம்பும் இராவணன் மீசையும் வேரோடிப் பிடித்து, காற்று காலங்காலமாகக் குவித்தது அது. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, மேடுகள் உயர்ந்து நின்ற இடங்களில் அலையின் வேகம் தணிந்ததையும் நாடு கண்டது. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 1991-இல் பிறந்தது. 2011, 2019 ஆகிய ஆண்டுகளின் அறிவிக்கைகள் மணல்மேடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய பிரிவில் வைத்துள்ளன. சட்டம் உண்டு, மணலை 'வெற்றிடம்' என்றெண்ணும் மனமே மாறவில்லை.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலை வடிவம் கொள்ளும் என்றார் இளங்கோவடிகள். நெய்தலும் பாலையாகும் என்று அவர் உரைத்தாரில்லை. அதனை இன்று நாமே செய்து காட்டிக்கொண்டிருக்கிறோம். தாகத்தோடு சென்ற எங்களுக்குத் தேரி நீர் தந்தது. நீர்வளம் மிக்க நெம்மேலியிலோ நீரை விலைக்கு வாங்கினோம். இவ்விரண்டில் எது பாலை?

மாணவச் செல்வங்களே! அடுத்த விடுமுறையில் நீங்களும் கடற்கரைக்குச் செல்லுங்கள். வண்டியை மேட்டில் ஏற்றாதீர்கள். அங்குள்ள முதியோரிடம், ஊற்று எங்கெங்கே இருந்தது என்று கேட்டு எழுதி வாருங்கள். தமிழ் கற்போர் செய்யத்தக்க கள ஆய்வு அது. ஊற்று வற்றினால் அச்சொல் அகராதியில் மட்டுமே வாழும்.