தணிக்கையாளர்க்கும் ஒரு தணிக்கை

காரைக்கால் வணிகன் பரமதத்தன் கடையினின்று இரண்டு மாங்கனிகளை இல்லத்திற்கு அனுப்பினான். உண்ணும்போது ஒன்றைச் சுவைத்தபின் மற்றொன்றையும் கேட்டான். சேக்கிழார் உரைத்த இவ்வரலாற்றைப் பக்திச் சரிதமாகவே கற்கிறோம். எனினும், இரண்டு அனுப்பியவன் இரண்டையும் கேட்பான் என்னும் வணிக நெறியும் அதனுள் உளது. லூக்கா சுவிசேஷத்து உக்கிராணக்காரனையும் அவன் எஜமான் கணக்கொப்புவிக்கவே அழைத்தான். ஆயின், பிறர் கணக்கை ஆராயும் தணிக்கையாளரிடம் கணக்குக் கேட்பவர் யாவர்?

இது வீண் வினா அன்று. 2009 ஜனவரி 7ஆம் நாள், சத்தியம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் இராமலிங்க ராஜு, ஏட்டிற் காட்டிய ரொக்கத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது இல்பொருளே எனத் தாமே எழுதி ஒப்புக்கொண்டார். அவ்வேடுகளுக்கு ஆண்டுதோறும் கையொப்பமிட்டவர் உலகப் புகழ் வாய்ந்த தணிக்கை நிலையத்தார். வங்கியிருப்பை வங்கியிடமே நேரிற் கேட்டறிதல் தணிக்கைக் கலையின் அரிச்சுவடி அன்றோ? அதனையோ அவர்கள் நிறுவனத்தார் கையிலேயே விட்டுவிட்டனர் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011இல் குற்றங்கண்டது. கள்வனிடமே சாவியைக் கொடுத்துக் களஞ்சியத்தை எண்ணிவரச் சொன்னாற் போலும்!

1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், 2002இல் சக மதிப்பாய்வு வாரியம் ஒன்றை நிறுவியது. ஒரு நிலையத்தின் கோப்புகளைப் பிறிதொரு கணக்காளர் வந்து பார்த்து, வேலையைத் திட்டமிட்டனரா, சான்று திரட்டினரா, கண்டதை எழுதிவைத்தனரா என ஆராய்கிறார். முறை நன்றே. ஆயினும் அவர் எழுதும் அறிக்கை மறைபொருளாகவே நிற்கிறது. சான்றிதழ் மட்டுமே வெளிவருகிறது. 2018இல் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையமோ பெருநிலையங்களில் தான் கண்ட குறைகளை 2023 முதல் வெளிப்படையாக அச்சிடுகிறது. ஆனால் அதன் ஆட்சி பங்குச் சந்தை நிறுவனங்களோடும் பிற பெருநிறுவனங்களோடும் நின்றுவிடுகிறது. கோட்டுச்சேரியிலோ நெடுங்காட்டிலோ வாழும் ஒருவர் தம் சேமிப்பை இடும் சிறு கம்பெனியின் தணிக்கையாளர் அதன் பார்வைக்கு எட்டுவதில்லை.

குறையை வெளியிட்டால் சிறு கணக்காளர் பிழைப்புக் கெடும், வாடிக்கையாளர் இரகசியமும் போம் என்பர் சிலர். இரண்டாவது கூற்று ஓரளவு மெய்யே. அதற்கு வாடிக்கையாளர் பெயரை மறைத்தாற் போதும். முதற் கூற்றை நான் ஏற்கேன். குறையையும் அது திருத்தப்பட்டதையும் ஒருங்கே அச்சிட்டால், திருத்திக்கொண்டவர்க்கு இழுக்கு யாது? கழகம் அவ்வறிக்கைகளை, சிறு நிலையங்களுடையனவற்றையும் சேர்த்தே, ஆண்டுதோறும் வெளியிடுக. பணம் இட்டவர் படித்துக்கொள்வர்.