கோணல் முக்கோணத்துக்குள் ஒரு சீர்வடிவம்

மூன்று பக்கமும் மூன்று அளவில் ஒரு முக்கோணம் வரைந்துகொள்ளுங்கள். எவ்வளவு கோணலோ அவ்வளவு நல்லது. மூன்று முனைகளையும் தொட்டுப் போகும் சுற்றுவட்டத்தைப் போடுங்கள். வட்டத்தின் மேல் எங்காவது ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து மூன்று பக்கங்களுக்கும் செங்குத்து இறக்குங்கள். எட்டாத பக்கத்தை நீட்டிக்கொள்ளலாம். செங்குத்துகள் பக்கங்களைத் தொடும் மூன்று இடங்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். அதற்குச் சிம்சன் கோடு என்று பெயர்.

இனி அந்தப் புள்ளியை வட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்துக்கும் உரிய கோட்டைப் போட்டுக்கொண்டே வாருங்கள். முதலில் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். முப்பது, நாற்பது கோடுகள் சேர்ந்ததும், உள்வாங்கிய மூன்று பக்கங்களும் கூரிய மூன்று முனைகளுமாக ஒரு வளைவரை எழுந்து வரும். அதுதான் டெல்டாய்டு. 120 டிகிரி திருப்பினாலும் அச்சு அசலாக அதே உருவம்.

எந்த முக்கோணத்தில் தொடங்கினாலும் இதே வடிவம்தான்! விரிகோணமோ, ஊசி போன்ற ஒல்லி முக்கோணமோ, அந்தக் கோணலின் சுவடே இதில் இருக்காது. அளவைத் தீர்மானிப்பது சுற்றுவட்டம் மட்டுமே. வடிவியலில் இதைவிட என்னை மகிழ்விப்பது வேறில்லை. 1856இல் இதைக் கண்டு சொன்னவர் யாக்கோப் ஷ்டைனர். சுவிட்சர்லாந்தின் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பதினான்கு வயதில்தான் எழுதக் கற்றவர் அவர்.

1917இல் ஜப்பானியக் கணிதர் ககேயா ஒரு கேள்வி எழுப்பினார்: ஓர் ஊசியைத் தளத்தில் படுத்தபடியே முழுதாகத் திருப்ப, குறைந்தது எவ்வளவு பரப்பு வேண்டும்? ஊசியையே விட்டமாகக் கொண்ட வட்டம் போதும் என்பது யாருக்கும் தோன்றும். டெல்டாய்டுக்கு அதில் சரிபாதிதான் தேவை. நம் படத்திலேயே இதைப் பார்க்கலாம். ஒவ்வொரு சிம்சன் கோட்டிலும் டெல்டாய்டுக்குள் அடங்கும் துண்டுதான் ஊசி; அதன் நீளம் சுற்றுவட்டத்தின் விட்டம். டெல்டாய்டின் பரப்போ சுற்றுவட்டத்தின் பரப்பில் பாதி.

இதுதான் விடை என்று பலரும் நம்பினார்கள். பரப்பை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம் என்று 1928இல் காட்டிவிட்டார் ரஷ்யப் பேரரசில் பிறந்த பெசிகோவிச். அவருடைய உருவங்கள் மெல்லிய முக்கோணச் சீவல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தவை. பரப்பு குறையக் குறையச் சீவல்கள் பெருகிக்கொண்டே போகும், கையால் வரைந்து மாளாது. டெல்டாய்டில் அந்தத் தொல்லை இல்லை. ஊசியின் இரு நுனிகளும் வளைவரையை விட்டு விலகாமல் போகும்; அதன் நடுப்புள்ளி, முக்கோணத்தின் மூன்று பக்கங்களின் மையங்களையும் தொட்டுப் போகும் ‘ஒன்பது புள்ளி வட்டத்தின்’ மீதே ஓடும்.