இரும்பு உருண்டை கிடைத்தால்...

கள்ளக்குறிச்சிப் பக்கம் தென்னங்கன்றுக்குக் குழி வெட்டும்போது துருப்பிடித்த இரும்பு உருண்டை தட்டுப்பட்டால் ஆச்சரியமில்லை. பக்கத்துத் தியாகதுருகம் கோட்டைக்காக 1757 முதல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். 1761-ல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது.

"அந்தக் காலத்துக் குண்டு, இனிமேலா வெடிக்கப் போகுது?" என்பார்கள் வீட்டு ஆண்கள். அமெரிக்காவில் 2008-ல், ஏறக்குறைய 140 வருஷப் பழைய குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர் அது வெடித்தே இறந்துபோனார்!

பீரங்கிக் குண்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று கெட்டி இரும்பு, வெடிக்காது. நாலு அங்குலக் குண்டே நாலு கிலோ கனக்கும். மற்றது உள்ளே வெடிமருந்து அடைத்த கூடு. திரி செருக ஒரு துளை இருக்கும். துரு அந்தத் துளையை மூடிவிட்டால் நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நனைந்த மருந்தும் காய்ந்தால் தீப்பிடிக்கக்கூடும்.

ஆகவே சகோதரிகளே, புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், சுத்தியலால் தட்ட வேண்டாம். சாமிக்கல் என்று பக்கத்தில் விளக்கேற்றவும் வேண்டாம். காயலான் கடைக்குப் போடுவது அந்தக் கடைக்காரருக்குச் செய்கிற துரோகம். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, குழந்தைகளை அப்புறப்படுத்தி, போலீசுக்கோ வி.ஏ.ஓ.வுக்கோ உடனே சொல்லியனுப்புங்கள். கெட்டிக் குண்டுதானா என்று வெடிகுண்டு நிபுணர்கள் பார்த்துச் சொல்லட்டும்.