வயலின் வைத்தால்தான் இசையா?

ஆர்க்கெஸ்ட்ரா என்றால் ஆரணியில் ஒரே அர்த்தம்தான். ஆடி மாதம், அம்மன் கோவில் திருவிழா, ரோட்டை அடைத்துப் போட்ட மேடை, ராத்திரி பத்து மணிக்கு மேல் குத்துப்பாட்டு. இங்கே பேச்சு அந்த ஆர்க்கெஸ்ட்ராவைப் பற்றி இல்லை. கோட்டு சூட்டு போட்டு, வயலினும் செல்லோவுமாக ஒரு பெரிய கூட்டமே உட்கார்ந்து பழைய கம்ப்யூட்டர் கேம் இசையை வாசிக்கிறதே, அந்தச் சமாச்சாரம் :)

இது புதுசு இல்லை. 1987 ஆகஸ்டிலேயே கொய்ச்சி சுகியாமா தன்னுடைய டிராகன் குவெஸ்ட் இசையை டோக்கியோவில் மேடையேற்றிவிட்டார். 2003-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கேம் இசைக்கென்றே ஒரு சிம்பொனி கச்சேரி நடந்தது. 2019 ஜூனில் இங்கிலாந்தின் ஹல் நகரில் கமடோர் 64 இசையை ஹல் பில்ஹார்மோனிக் குழு வாசித்தது. கமடோர் இசையின் பெரிய புள்ளியான ராப் ஹப்பர்ட் பிறந்த ஊர் அது. இதெல்லாம் நடந்ததில் தப்பே இல்லை. நன்றாக வாசித்தால் கைதட்டிவிட்டுப் போகலாம்.

தப்பு எங்கே என்றால், கேட்டுவிட்டு வெளியே வருபவர்கள் சொல்லும் வசனத்தில். "இப்பத்தான் இதுக்கு ஒரு மரியாதை கிடைச்சிருக்கு." அப்படியானால் இத்தனை வருஷம் அது மரியாதை இல்லாமலா இருந்தது?

1982-ல் வந்த கமடோர் 64-ல் சிட் என்று ஒரு ஒலிச் சில்லு. ஒரே நேரத்தில் மூன்று குரல்கள்தான் அதில் வரும். மெட்டுக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று என்று போய்விட்டால் மிச்சம் ஒன்றுதான். தாளமும் அதில்தான், கார்டும் அதில்தான். கார்டுக்கு மூன்று ஸ்வரம் வேண்டுமே, என்ன செய்வது? மூன்று ஸ்வரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு ஐம்பது தடவை வரை மாற்றி மாற்றி அந்த ஒரே குரலில் ஓட்டினார்கள். காது ஏமாந்து அதைக் கார்டாகக் கேட்டது. அந்தக் குமிழ் குமிழான நடுக்கம்தான் அந்த இசைக்கே அடையாளம். ஆர்க்கெஸ்ட்ராவில் மூன்று பேர் ஆளுக்கொரு ஸ்வரத்தைச் சுலபமாக இழுத்துவிடுவார்கள். கார்டு சுத்தமாக வரும். நடுக்கம் போய்விடும். அதோடு அந்த மூளையும் போய்விடும்.

"பாவம், அப்போ வசதி இல்ல. இருந்திருந்தா இப்படித்தான் போட்டிருப்பாங்க" என்பது அடுத்த வாதம். வீணை வாசிப்பவரைப் பார்த்து, பாவம், கையில் நாதஸ்வரம் இல்லையே என்று யாராவது பரிதாபப்படுவார்களா? 1986-ல் புன்னகை மன்னன் படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் இசையைக் கொண்டுவந்தார். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதத் தெரியாமலா கொண்டுவந்தார்? அந்தக் கருவியில்தான் அந்தச் சத்தம் கிடைக்கும் என்பதால் கொண்டுவந்தார்.

சுகியாமாவே மேடையேற்றினாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுதியவரே ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதினால் அது அவருடைய இன்னொரு படைப்பு. அதற்காக முதல் படைப்பு வெறும் ரஃப் காப்பி ஆகிவிடாது.

ஆரணிக்காரர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று புரிய வேண்டும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இருந்தும் இங்கே நெய்த புடவை காஞ்சிபுரம் என்ற பெயரில் கடையேறுவது ஊரறிந்த கதை. நெய்த கை அதேதான், பட்டும் ஜரிகையும் அதேதான். பெயரை மாற்றினால் மதிப்பு ஏறுகிறது. காமர்ஸ் பாடத்தில் இதற்கு குட்வில் என்று பெயர். லாபம் யாருக்கு? தறியில் உட்கார்ந்தவருக்கு இல்லை. சில்லு இசைக்கு சிம்பொனி கோட்டு மாட்டி "இப்பத்தான் மரியாதை" என்பதும் இதே வியாபாரம்தான்.

இங்கே ஏற்கெனவே பெயர் தொலைந்துதான் கிடக்கிறது. தொண்ணூறுகளில் டிவியில் மாட்டி ஆடிய "64 இன் 1" கேசட்டில் மரியோ ஆடிய பையன்களுக்கு, அந்த மெட்டைப் போட்டவர் கோஜி கோண்டோ என்று யார் சொன்னார்கள்? 2023-ல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் முதன்முதலாக ஒரு வீடியோ கேம் இசையைச் சேர்த்தது. அந்த மரியோ மெட்டுதான் அது. 1985-ல் சில்லில் வந்த அதே வடிவம். வயலின் சேர்த்ததை அவர்கள் தேடிப் போகவில்லை.

தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோர்த்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு கட்டியிருப்பார்கள். சுற்றிச் சுற்றி வரும், பார்டரில் அதே டிசைன் திரும்பத் திரும்ப விழும். கேம் இசையும் இப்படித்தான் சுற்றுகிறது. ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை என்ற இரண்டே சொற்களில் மயிலும் மாங்காயும் வரும் என்பதை இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. குறைவான வசதியில் செய்தது குறைவான வேலை என்று இந்த ஊரில் யாரும் சொல்லக்கூடாது.

கச்சேரி நடக்கட்டும். ஆனால் வயலினைத் தொடுவதற்கு முன்னால் மூல இசையை அதே சில்லின் சத்தத்தில் ஒரு தடவை முழுசாகப் போடட்டும். எழுதியவர் பெயரை நடத்துநர் பெயரைவிடப் பெரிதாக அச்சடிக்கட்டும். அதற்குப் பிறகு வாசித்தால், அதற்குப் பெயர் மரியாதை.