மேசைமேல் ஒரு புகையிரதம்

குச்சவெளிப் பிள்ளைகள் புகையிரதத்தைக் காணவேண்டுமாயின் திருகோணமலைக்குச் செல்லவேண்டும். 1927-இல் அங்கு வந்தது அகலப்பாதை. தண்டவாளங்களின் இடைவெளி 1,676 மில்லிமீற்றர். அதிற் பாதியும் இல்லாத 762 மில்லிமீற்றர்ப் பாதையொன்று களனிப் பள்ளத்தாக்கில் இருந்தது. எஞ்சியிருந்த அப்பாதையும் 1990-களில் அகலமாக்கப்பட்டது. இனி அதன்மீது வண்டி ஓடக் காண்பதற்கு நம் வீட்டு மேசையே இடம்.

எஞ்சினும் பெட்டிகளும் துண்டு துண்டாக விற்கப்படுகின்றன. வாங்குமுன் கணக்குப் பார்ப்போம். 87-இல் ஒரு பங்கான மாதிரிக்கு, 762-ஐ 87-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.8, ஆகவே 9 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள தண்டவாளம் பொருந்தும்.

முதலிற் சாமான் பெட்டியைக் கட்டிப் பழகுவோம். எஞ்சின் பின்னர் ஆகட்டும். பசை தடவுமுன் யாவற்றையும் ஒருமுறை பொருத்திப் பார்த்தல் நன்று. பசை காயுமுன் கண்ணாடித் தட்டின்மேல் வைத்து, நான்கு சில்லுகளும் ஒருசேரப் படிகின்றனவா என நோக்குவோம். ஒன்று தூக்கி நின்றாலும் வளைவில் வண்டி தடம்புரளும்.

விலை கொடுத்து வாங்க இயலாத வீட்டில் அட்டையும் கத்தரிக்கோலும் போதும். அளவு மட்டும் பிழைத்தலாகாது. மறைந்த பாதைக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.